ஒண்ணு சொல்லணும்

“என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றாள் மனைவி, சனிக்கிழமை காலை காப்பியை மேஜையில் வைத்துவிட்டு.

“தெரியும். சமையலறைக் குழாய்தானே? நாலு நாளா சொட்டுது.”

“குழாய் இல்லைங்க...”

“இன்னிக்கே ஆளை வரச் சொல்றேன். விடு.”

அவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து இருபத்தாறு வருடமாக ஒலிபெருக்கியில் பேசுகிறார். எந்த வண்டி எந்த நடைமேடை, எது எவ்வளவு தாமதம் என்று அவர் சொன்னால் சொன்னதுதான். ஒரு பயணியும் அவரைத் திருப்பிக் கேட்டதில்லை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கெட்டவரல்ல. அடுத்தவர் வாயைத் திறந்ததுமே அவருக்கு மீதி புரிந்துவிடும், அவ்வளவுதான். பெரும்பாலும் தப்பாகப் புரியும்.

குழாய்க்காரர் பத்து மணிக்கு வந்தார். “சார், முதல்ல மெயின் வால்வை...”

“அதெல்லாம் சரியா இருக்கு. நீங்க கழட்டுங்க.”

கழற்றினார். தண்ணீர் பீறிட்டு எதிர்ச்சுவரில் அடித்தது. வால்வு எங்கே என்று தேடிப் பிடித்து மூடுவதற்குள் சமையலறையில் கணுக்கால் ஆழம். மனைவி மண்டியிட்டுத் துணியால் ஒற்றி வாளியில் பிழிந்தாள். ஐந்தாவது முறை பிழிந்தபோது நிமிர்ந்தாள்.

“இப்பவாவது கொஞ்சம் உட்காருங்க. நான் சொல்ல வந்தது...”

“தப்பு என்னுதுதான். ஒத்துக்கறேன். கோவிச்சுக்காதே” என்று சொல்லிவிட்டு அவர் பால்கனிக்குப் போய்விட்டார்.

அங்கே நின்று யோசித்தார். குழாய் இல்லையென்றால் வேறென்ன? மூன்று வாரமாக இவளும் இவள் தங்கையும் அடிக்கடி சேர்ந்து வெளியே போய் வருகிறார்கள். அவருக்குச் சுருக்கென்றது. உடனே மைத்துனிக்குப் போன் போட்டார்.

“உங்க அக்கா எல்லாத்தையும் உன்கிட்ட சொல்லிட்டாள்னு எனக்குத் தெரியும்மா.”

“ஆமா அத்தான், என்கிட்டதான் முதல்ல சொன்னா. இன்னிக்கு உங்ககிட்டயும்...”

“உன் வீட்டுக்காரரைக் காத்துப் போன டியூப்புன்னு நான் சொன்னது தப்புதான். மனசுல வச்சுக்காதே.”



“எப்போ சொன்னீங்க?” என்று கேட்டாள் மைத்துனி. பதில் வருவதற்குள் போனை வைத்துவிட்டாள்.

அவர் திரும்பிப் படுக்கையறைக்கு வந்தபோது மனைவி ஒரு சின்னப் பையில் துண்டு, சீப்பு, வேதாகமம் என்று எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னை விட்டுப் போறியா?”

“போறதைப் பத்தித்தாங்க காலையிலேர்ந்து...”

அவருக்கு அதுவே போதும். செருப்பைக்கூட மாட்டாமல் போதகர் வீட்டுக்கு ஓடினார்.

சாயங்காலம் போதகர் வந்து உட்கார்ந்தார். “முதல்ல அம்மா பேசட்டும்” என்றார்.

“பேசட்டும் ஐயா. அதுக்கு முன்னால ஒரு சின்ன ஜெபம். நானே பண்றேன்.”

கண்ணை மூடிக்கொண்டு அவர் தொடங்கினார். குழாய் உடைந்தது, டியூப் விவகாரம், இவள் இல்லாவிட்டால் தான் ஒரு நாள்கூட உயிரோடு இருக்க முடியாது என்பது, எல்லாவற்றையும் ஆண்டவருக்கு வரிசையாக அறிவித்தார். அழுகை நிஜமாகவே வந்தது. முடித்துக் கண்ணைத் திறந்தால் எதிர் நாற்காலி காலி.

“எங்கே ஐயா அவ?”

“வாசல்ல வண்டி வந்துடுச்சு, போயிட்டாங்க. போகும்போது உங்க தோளைத் தொட்டாங்க. நீங்க குரலை இன்னும் கொஞ்சம் கூட்டினீங்க.”

“நீங்களாவது என்னை நிறுத்தியிருக்கலாமே.”

“ரெண்டு தடவை ஆமென் சொல்லிப் பார்த்தேன்.”

“எங்கே போறாள்னு சொன்னாளா?”

“கேட்டேன். ‘அவருக்குச் சொல்லாம உங்களுக்குச் சொன்னா நல்லா இருக்காது ஐயா’ன்னுட்டாங்க.” போதகர் எழுந்தார். “நீங்க சொன்னதெல்லாம் ஆண்டவர் கேட்டிருப்பார். அவருக்கும் உங்ககிட்ட ஏதாவது சொல்ல இருந்திருக்கும். கொஞ்சம் இடம் விட்டிருக்கலாம்.”

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மனைவியின் போன் அணைந்தே கிடந்தது. மைத்துனியை நாற்பது தடவை கூப்பிட்டார். டியூப்பை அவள் மன்னிக்கவில்லை, எடுக்கவே இல்லை. ஆராதனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ஜெப நேரத்தில் வாய் வரவில்லை. முதல் தடவையாக ஆண்டவர் முன்னால் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். அப்போதுதான் ஒன்று உறைத்தது. மனைவி சொல்லி முடித்த முழு வாக்கியம் ஒன்றையாவது நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். “என்னங்க” வந்தது. “அது இல்லைங்க” வந்தது. அதற்கு மேல் எதுவும் வரவில்லை. இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவரிடம் மிஞ்சியவை அரை வாக்கியங்கள்தான்.

திங்கள் பிற்பகல் மூன்று மணிக்கு மைத்துனியிடமிருந்து செய்தி வந்தது. ஆஸ்பத்திரி பெயர், வார்டு எண். கீழே, ‘தொண்டையில ஆபரேஷன் முடிஞ்சது. வரணும்னா வாங்க.’

மனைவி தலையணையில் சாய்ந்திருந்தாள். கழுத்தைச் சுற்றிப் பெரிய கட்டு. அவரைப் பார்த்ததும் கண் நிறைந்தது. நூறு வார்த்தை அவர் தொண்டை வரை வந்தது. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ சொல்லு. நான் கேக்கறேன்.”

அவள் விரலால் கட்டைத் தொட்டுக் காட்டினாள்.

“சரி, அவசரம் இல்லை. புண்ணு ஆறட்டும். ஒரு வாரமோ ஒரு மாசமோ, நீ சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் வாயைத் திறக்கமாட்டேன்.”

சொன்னபடியே இருந்தார். அரை மணி நேரம் ஒரு வார்த்தை இல்லை. அவள் கன்னத்தில் வழிந்ததைத் துடைத்தார். ஏன் என்று கேட்கவில்லை. ஆண்டவர் தனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்துவிட்டார் என்று நினைத்தபோது, இரண்டு நாளில் முதல் தடவையாக அவருக்கு மூச்சு சீராக வந்தது.

குளுக்கோஸ் பாட்டிலை மாற்ற வந்த நர்ஸ் அவர் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“குரல்வளையையே எடுத்தாச்சு சார், இனிமே அவங்களுக்குப் பேச்சு வராது, அதனாலதானே, ‘குரல் இருக்கும்போதே அவர்கிட்ட என் வாயால ஒண்ணு சொல்லிட்டு வந்துடறேன்’னு டாக்டர்கிட்ட கெஞ்சி, ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுட்டு சனிக்கிழமை வீட்ல இருந்தாங்க, சொல்லலையா?”