பயிற்சிக்கு வந்த அங்கி

ஐப்பசி தோறும் ஆறு ஊருக்குள் வந்து குசலம் விசாரித்துப் போகும் மிதவை நாட்டில், நீச்சல் துறைப் பேராசிரியர் என்றால் சென்னியப்பன் ஒருவர்தான். வெள்ளத்தில் சிக்கியவர்களைக் கரைசேர்க்க ஆண்டுக்கு நாற்பது மாணவர்களைத் தயார்செய்து அனுப்புவார். அந்த ஆண்டு வெள்ளத்துக்கு இன்னும் இருபது நாள் இருக்கும்போது ஆணை வந்தது: இனி எல்லாப் பாடங்களும் மாயக்கண்ணாடி வழியாகவே நடக்கும். ஆசிரியர் தம் அறையில் பேசுவார், மாணவர் வீட்டிலிருந்து பார்ப்பார்.

"நீச்சலுமாங்க?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"ஏன், நீச்சலுக்கு மட்டும் கொம்பு முளைச்சிருக்கா?" என்றார் பயிற்சி அமைச்சர் மார்த்தாண்டர்.

"தண்ணி வேணுமுங்களே."

"கண்ணாடியில தண்ணி தெரியும்யா. நீலமா, சுத்தமா. உம்ம குளத்துல அப்படியா இருக்கு?"

மறுநாளே குளத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். அதற்கடுத்த நாள், கண்ணாடியைக் கையாள எல்லா ஆசிரியர்களும் பயிற்சி பெற வேண்டும் என்றார்கள். பயிற்சியும் கண்ணாடிக்குள்தான். முதல் பாடம், கண்ணாடியைத் திறப்பது எப்படி. திறக்கத் தெரிந்தவர்கள் அதைக் கவனமாகக் கற்றார்கள். தெரியாதவர்களுக்கு வருகை தராத குற்றத்துக்கு ஓலை போனது. கண்ணாடிக்குள் கை உயர்த்தும் முறைக்கு மட்டும் மூன்று நாள். உயர்த்திய கை இறங்காமல் மரத்துப்போயிருந்த தமிழ்த் துறைத் தலைவரை "ஆர்வமிக்கவர்" என்று பாராட்டினார்கள்.

பத்து நாள் போயிற்று. மாணவி செல்லக்கிளி நேரில் வந்து நின்றாள்.

"ஏனுங்கய்யா, நீங்க சொன்னபடி கட்டில்ல குப்புறப் படுத்துக் கைகால் அடிச்சேன். வலிப்புன்னு நெனச்சு எங்கம்மா என் கையில இரும்புச் சாவியத் திணிச்சுட்டாங்க."

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"வெள்ளம் வந்தா எங்களத்தானுங்களே தள்ளிவிடுவாங்க? எங்கள்ல ஒருத்தருக்கும் மிதக்கக்கூடத் தெரியாதுங்கய்யா."

அன்றே அவர் தம் பேராசிரியர் அங்கியைக் கழற்றி, நாற்காலிக்குப் பின்னால் ஒரு கொக்கியில் மாட்டினார். மேலே தொப்பியைக் கொஞ்சம் சாய்த்து வைத்து, பயிற்சிக்கான கண்ணாடியைத் திறந்துவிட்டு, குளத்துச் சாவி கேட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். போன இடத்திலெல்லாம் ஒரே கேள்வி: "பயிற்சி முடிச்ச சான்றிதழ் இருக்கா?"

ஆறாம் நாள் அவருக்கு அழைப்பு வந்தது. நாட்டிலேயே மிகச் சிறப்பாகப் பயிற்சி பெற்றவராக அவருடைய நாற்காலி தேர்வாகியிருந்தது. கொட்டாவி விடவில்லை, எழுந்து போகவில்லை, குறிப்பாக ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பரிசாக, அரசரிடம் ஒரு கோரிக்கை வைக்கலாம். அரசர் பேசுவதில்லை, மூன்று மூச்சு நேரம் அவர் மறுக்காமலிருந்தால் அது ஆணை. மிதவை நாட்டுச் சட்டங்கள் அத்தனையும் இப்படிப் பிறந்தவைதான்.

சென்னியப்பன் அவசரமாக அங்கியை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். அரசர் தோன்றினார். கிரீடம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. பட்டுக் கைகள் இரண்டும் நீளமாகத் தொங்கின. நுனியில் விரல்கள் இல்லை. கழுத்துப் பட்டைக்கு மேலே, கறுப்பாக, வளைந்து, ஒரு கொக்கியின் முனை.

வேறு யாராயிருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். ஐந்து நாளாக அதே வேலையைச் செய்தவர் இவர்.

வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அதைச் சொன்னால் விசாரணைக் குழு வரும். குழுவுக்குக் கண்ணாடி வரும். கண்ணாடிக்குப் பயிற்சி வரும். வெள்ளத்துக்கோ நாலே நாள்.

"அரசே, நீச்சல் குளத்தைத் திறந்து, தண்ணியிலேயே பாடம் நடத்தலாமுங்களா?"

ஒரு மூச்சு. மார்த்தாண்டர் கண்ணாடியின் மூலையில் நெளிந்தார். இரண்டு மூச்சு.

"அது வந்து... அரசரின் திருவுள்ளம் என்னவென்றால்..."

"மூணு ஆயிருச்சுங்களே," என்றார் சென்னியப்பன்.

மார்த்தாண்டர் அரசரைப் பார்த்தார். சென்னியப்பனைப் பார்த்தார். அவர் அரசரின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பதையும் பார்த்தார்.

"ஆயிருச்சு," என்றார் மெல்ல. "சாவியை அனுப்பறேன். நீர் சீக்கிரம் கிளம்பும்."

அன்று பிற்பகல் நாற்பது பேரும் குளத்துப் படியில் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். பாசி படிந்து, பச்சையாக, நிஜமாகத் தண்ணீர் கிடந்தது.

"ஏனுங்கய்யா, ராசாவையே பாத்தீங்களாமா?" என்றாள் செல்லக்கிளி. "என்ன சொன்னாருங்க?"

"எல்லார்த்துக்கும் சொல்றதத்தான் எனக்கும் சொன்னாரு. மூக்கப் புடிச்சுக்கோ சாமி, குதி."