மூன்றாவது அடுப்புக்கல்

"லால் பாய், இந்த உருண்டைக் கல்லை எங்கேருந்து எடுத்தீங்க?"

முனீர் அகமது அடுப்பைக் காட்டிக் கேட்டான். சமையல்கார லால் பாஷா பிரியாணியைக் கிளறியபடியே, "கோட்ட வாசல்ல கெடந்துச்சு. அடுப்புக்கு ஒரு கல்லு கொறஞ்சுதேன்னு தூக்கியாந்தேன்" என்றார்.

வாசலில் கல் இருந்த இடம் காலி. பக்கத்துப் பலகையில், 'பழங்காலப் பீரங்கிக் கல்குண்டு. தொடக் கூடாது' என்று எழுதியிருந்தது.

1986-ஆம் வருஷக் கம்பெனிச் சுற்றுலாவுக்குக் கெலமங்கலம் பக்கத்து இந்தக் கோட்டையைத் தேர்ந்தெடுத்ததே மேனேஜர் பாஸ்கரன்தான். சரித்திரம் என்றால் சாப்பாட்டையும் மறக்கிற மனிதர். எட்டு வருஷமாக டெம்பரவரியாகவே கிடக்கும் முனீரைத் திங்கட்கிழமை பெர்மனென்ட் ஆக்கப் போகிறவரும் அவரே. இப்போது எல்லோரையும் மலைமேல் கூட்டிப் போயிருக்கிறார். இறங்கியதும் குண்டைக் காட்டிப் பேசுவார்.

பிரியாணியை இறக்கிப் பார்த்தால், குண்டு கன்னங்கரேலென்று இருந்தது.

"தண்ணி ஊத்திக் கழுவிட்டா போச்சு" என்றார் லால் பாஷா.

பேசாமல் கரியைச் சுரண்டியிருக்கலாம். விதி யாரை விட்டது! முனீர் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தான்.

'டப்'பென்று ஒரு சத்தம். குண்டு இரண்டாகப் பிளந்து கிடந்தது.

"யா அல்லா! பாய், என் வேலை போச்சு!"

"அழுவாத தம்பி. சைவக்காரங்களுக்குப் பூரி மாவு பெசஞ்சு வெச்சிருக்கறேன்ல?"

இரண்டு பாதியையும் சாக்கில் சுற்றி வாசலுக்குத் தூக்கிப்போய், மாவு வைத்து ஒட்டி, வெள்ளை தெரியாமல் கரியைப் பூசி முடிக்கவும் மேனேஜர் இறங்கி வரவும் சரியாக இருந்தது.

"எல்லாரும் வாங்க! முந்நூறு வருஷமா மழை வெயில் பாத்த குண்டு. இன்னைக்கும் எப்படி இருக்குது பாருங்க!" என்று அதன் தலையில் செல்லமாகத் தட்டினார்.

பாதிக் குண்டு உருண்டுபோய் அவர் செருப்பில் முட்டி நின்றது. எங்கிருந்தோ வந்த நாய் ஒன்று மீதிப் பாதியை ருசித்து நக்கத் தொடங்கியது.

"எவன்யா இத செஞ்சது?" மேனேஜர் கத்தினார். "நாட்டோட சொத்துய்யா! இதுல கைய வெச்சவனுக்கு என் கம்பெனியில எடமே கெடையாது!"

முனீர் தலைகுனிந்து கையைத் தூக்கினான். "நான்தான் சார்."

"திங்கக்கெழம வேலைக்கு வராத!"

ஜீப் நிழலில் தலையில் கைவைத்து உட்கார்ந்த முனீரின் பக்கத்தில் மேனேஜரின் டிரைவர் திம்மப்பன் வந்து குந்தினான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காதருகே குனிந்தான்.

"எதுக்கு பாய் அழுவற? நீ ஒடச்சது நான் ஆத்துலேருந்து பொறுக்கியாந்து வெச்ச கல்லு. அசல் குண்டு ஐயா வீட்டுத் தோட்டத்துல இருக்குது, போன வருஷம் அவரு சொல்லி நான்தான் இந்த ஜீப்புல ஏத்துனேன்."