முதல் பக்கத்தில் மண்டபத்தின் குறைகள்

நான் எழுதியதைச் சத்தமாகப் படிக்கச் சொன்னால் எனக்கு நிதானம் போய்விடும். இந்தப் பலவீனத்தால் ஒரு தொழிலையே இழந்தவன் நான். (அந்தத் தொழில் இன்னும் தொடங்கவில்லை என்பது வேறு விஷயம்.)

சென்னையில் ஒரு சோலார் கம்பெனியில் வேலை, அங்கேயே ஓர் அறை. மனைவி வளர்மதி உத்திரமேரூரில். சனிக்கிழமை ராத்திரி வருவேன், ஞாயிறு சாயங்காலம் செங்கல்பட்டு பஸ் ஏறுவேன். ஜன்னல் வழியே அவள் தரும் இட்லிப் பொட்டலம் அப்போது மடியைச் சுடும். அறைக்குப் போய்ப் பிரித்தால் ஜில்லென்றிருக்கும். சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் தோசை வார்க்க, பக்கத்தில் உட்கார்ந்து வெட்டிக்கதை பேசிக்கொண்டே சாப்பிட வேண்டும். என் லட்சியமே அவ்வளவுதான். அதற்கு ஊரில் சொந்தத் தொழில் வேண்டும். தொழிலுக்கு ஒரு வாடிக்கையாளராவது வேண்டும். உள்ளூர்க் கல்யாண மண்டபக்காரர் ஒருவர், சோலார் போடுவது பற்றி எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

நல்ல புரபோசல் எழுதுவது எப்படி என்று இன்டர்நெட்டில் தேடினேன். உன்னைப் பற்றிப் பீற்றிக்கொள்ளாதே, வாடிக்கையாளரின் பிரச்சினையை முதல் பக்கத்திலேயே சொல் என்றார்கள். வந்த ஞாயிறுகளில் வளர்மதியிடம் முகம் கொடுத்துக்கூடப் பேசாமல் எழுதினேன். (எல்லாம் அவளோடு இருப்பதற்காகத்தான்.)

ஒரு ஞாயிறு காலை அதை எடுத்துக்கொண்டு நான் மண்டபத்துக்குப் போன நேரம், வைகாசிக் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கப் பெண்வீட்டார் வந்திருந்தார்கள். மண்டபக்காரருக்கு வாயெல்லாம் பல்.

"நம்ம மண்டபத்தப் பத்திதான் எழுதிக்கினு வந்துகீறாரு. படி தம்பி, அவங்களும் கேக்கட்டும்."

புத்தியுள்ளவன் தொண்டை கட்டியிருக்கிறது என்றிருப்பான். நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டேன்.

"தாலி கட்டும் வேளையில் மின்சாரம் போய்விடுகிறது. ஜெனரேட்டர் துயில் எழுவதற்குள் மணமகன் வியர்வையில் நீராடிவிடுகிறார்."

மண்டபக்காரர் இருமினார். நடையை ரசிக்கிறார் என்று நினைத்துக் குரலை உயர்த்தினேன்.

"சாப்பாட்டுக் கூடத்து மின்விசிறிகளுக்கு ஜெனரேட்டர் இணைப்பே இல்லை. சென்ற சித்திரையில் புழுக்கம் தாளாமல் சம்பந்தி ஒருவர், பாயசம் வருமுன்னே இலையை விட்டு எழுந்து போனார்."

பெண்ணின் அப்பாவும் எழுந்தார். காஞ்சிபுரத்தில் வேறொரு மண்டபம் பார்த்திருப்பதாக முணுமுணுத்தபடி செருப்பை மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பிவிட்டார்.

மண்டபக்காரர் என் கையிலிருந்ததை வாங்கி, நான்காக மடித்து, என் சட்டைப் பையிலேயே செருகினார்.

"இன்னா தம்பி, மண்டபத்துக்கு லைட் போட எழுதினியா, பூட்டுப் போட எழுதினியா?"

இப்போதும் சனிக்கிழமைதான் ஊருக்கு வருகிறேன். சொந்தத்தில் யார் மண்டபம் பார்க்கப் போனாலும் எனக்குத் தெரியாமல்தான் போகிறார்கள்.

மண்டபத்தில் படித்த அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் முழுக்கதையையும் வளர்மதி சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள். டிரைவர் வண்டியை எடுத்ததும் ஜன்னலில் பொட்டலத்தை நீட்டினாள்.

"என்னப் பொண்ணு பாக்க வந்தப்போ, ஞாயித்துக்கெழம ஆனா பஸ் ஏறிடுவேன்னு இதே மாரி மொத பக்கத்துல எழுதியாந்திருக்கலாம் இல்ல? எங்க நைனாவும் எய்ந்து போயிருப்பாரு."