நன்றிப் பக்கத்தில் வைத்த புள்ளி

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மாப்பிள்ளையின் அப்பா, தன் கையாலேயே, எழுதித் தரச் சொல்லி யாரையும் கெஞ்சாமல் எழுதும் கடிதம் இது. வரிகள் ஏறி இறங்கிப் போவதைப் பொருட்படுத்த வேண்டாம். ஆயுசெல்லாம் சுவருக்கு வெள்ளையடித்த கை, பெரிய தூரிகைக்குப் பழகியது. பேனா இன்னும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. இங்கே உங்கள் மகள், என் மகன், தையல் மிஷின், நான் எல்லோரும் சௌக்கியம். உங்கள் முழங்காலும் மாடிப்படியும் சமாதானமாகிவிட்டனவா என்று பதிலில் தெரிவிக்கவும். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். அவர்களுக்குத் தனியாக எழுத ஆசைதான், ஆனால் இந்த ஒன்றை முடிப்பதற்குள்ளேயே டீ பலமுறை ஆறிவிட்டது.

கடையில் ஆர்டர் திருட்டுப் போனதாகவும், அதை வைத்து உங்கள் மகளும் அவள் தம்பி, உங்கள் இளையவரும் சண்டை போட்டதாகவும், அளவெடுக்கும் நாடாவை வேலையை விட்டு நிறுத்தப்போவதாகவும் உங்களுக்குப் போனில் செய்தி வந்திருக்கும். போனில் எப்போதும் பாதிதான் வரும். மீதியை நான் எழுதுகிறேன். பொறுமையாகப் படிக்கவும், நானும் பொறுமையாகத்தான் எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதிப் பழக வேண்டும் என்பதால் எழுதுகிறேன். கீழே கடை, மேலே வீடு. உங்கள் மகள் ஜன்னல் திரைக்கு ஆர்டர் எடுக்கிறாள், என் மகன் தைக்கிறான், நாடா வீடு வீடாகப் போய் அளவெடுக்கிறார். கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா தொங்குவதால் அவருக்கு அந்தப் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் போய்விடுவார். உங்கள் இளையவர் வந்து தங்கி, கடைக்கு ஒரு வெப்சைட் செய்து, போனில் வரும் விளம்பரமும் செய்து கொடுத்தார். அதோடு விட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. ஒரு புள்ளியும் வைத்தார்.

"மாமா, இதுக்குப் பிக்சல்னு பேரு. ஒரு புள்ளி. கண்ணுக்கே தெரியாது" என்றார்.

"தெரியாத புள்ளியை எதுக்குப்பா வைக்கணும்?"

"அது வேவு பார்க்கும் மாமா. விளம்பரத்தைப் பார்த்தவங்க நம்ம பக்கத்துக்கு வந்தாங்களா, வந்தவங்க ஆர்டர் கொடுத்தாங்களா, எல்லாத்தையும் விளம்பரக் கம்பெனிக்குச் சொல்லிடும்."

எனக்கு இது பெரிய ஆச்சரியம். இந்த வயதில் எழுத்துப் படிக்கப் போகும் மாலை வகுப்பில் நான் படித்த புள்ளியை எழுத்தின் தலையில் வைத்தால் எழுத்து வாயை மூடிக்கொள்ளும். இவர் வைக்கிற புள்ளி வாயைத் திறந்துவிடுகிறது. இன்னொன்றும் நினைத்துக்கொண்டேன். நான் வெள்ளையடித்து அழித்த சுவர்களில் எத்தனையோ விளம்பரம் எழுதியிருந்தது. அதை எத்தனை பேர் படித்தார்கள் என்று எந்தச் சுவரும் யாரிடமும் சொன்னதில்லை. நானும் படிக்கவில்லை. இன்று அந்தச் சுவர்கள் கிடைத்தால் சுரண்டிப் பார்ப்பேன்.

புள்ளியை எங்கே வைத்தார் என்பதுதான் முக்கியம், கவனிக்கவும். வெப்சைட்டில் ஒரு படிவம் இருக்கிறது. அதில் நம் பெயர், தெரு, போன் நம்பர், ஜன்னலின் அகலம், உயரம் எல்லாம் எழுதிப் பட்டனை அழுத்தினால் கடைசியாக ஒரு பக்கம் வரும். அதற்கு நன்றிப் பக்கம் என்று பெயர். ஒருவர் அந்தப் பக்கம் வரைக்கும் வந்துவிட்டால் ஆர்டர் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். ஆகையால் புள்ளியை அங்கே உட்கார வைத்தார். இதில் அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. நானாக இருந்தாலும் அங்கேதான் வைத்திருப்பேன்.

சில நாள் கழித்து என் போனிலேயே நம் கடை விளம்பரம் வந்தது. "உங்கள் ஜன்னலுக்கு அளவான திரை" என்று இருந்தது. கூட்டிக் கூட்டிப் படித்து முடித்ததும் அது நம் கடைதான் என்று தெரிந்து எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. விரல் வைத்தேன், படிவம் வந்தது. சம்பந்தி, என் வாழ்க்கையில் நானே எழுதி நிரப்பிய முதல் படிவம் அதுதான். பெயர் என்று கேட்ட இடத்தில் என் பெயரை எழுதினேன். விரலில் மை தடவச் சொல்லி யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. என் அறை ஜன்னலை முழம் போட்டுப் பார்த்து அகலமும் உயரமும் எழுதிப் பட்டனை அழுத்தினேன். அப்போது வந்தது இது. மனப்பாடமாகவே எழுதுகிறேன்: "வணக்கம். உங்கள் ஜன்னலின் அளவு கிடைத்தது. மிக்க நன்றி. எங்கள் ஆள் விரைவில் உங்களை அழைப்பார்."

எனக்கு வந்த காகிதம் எல்லாம் இதுவரை எதையாவது கேட்டுத்தான் வந்திருக்கிறது. கட்டு, வா, காலி செய் என்றுதான் அடுத்தவர் படித்துச் சொல்லக் கேட்டிருக்கிறேன். நானே படித்த ஒன்று, எதையும் கேட்காமல், மிக்க நன்றி என்று சொல்லிவிட்டது. அதை முதலிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தேன்.

அதற்குள் போன் அடித்தது. நாடா!

"வணக்கம், திரைக் கடையிலிருந்து பேசறோம். ஜன்னல் அளவு அனுப்பியிருந்தீங்களே, யாரு பேசறது?"

"நான்தான்பா. மாடியில இருக்கேன்."

"தெரியுது ஐயா. உங்க இருமல் போன்லயும் கேக்குது, படிக்கட்டு வழியாவும் கேக்குது. அளவெடுக்க எப்ப வரட்டும்?"

இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மாடியில் இருக்கும் கிழவன் விளையாட்டாக அனுப்பினான் என்று தெரிந்தும் முறைப்படி போன் செய்து, மறுநாள் மேலே வந்து, என் முழக் கணக்குத் தப்பு என்று சொல்லித் திரும்ப அளந்துகொண்டு போன மனிதர் அவர். இது உங்கள் மனதில் இருக்கட்டும்.

அந்தப் பக்கத்தை நான் மூடவில்லை. போனைத் திறந்து, விரலால் பக்கத்தைக் கீழே இழுத்துவிட்டால் ஒரு சின்ன வட்டம் சுற்றும். உடனே பக்கம் புதிதாக வந்து மறுபடி நன்றி சொல்லும். காலையில் எழுந்ததும் ஒரு தடவை, டீயோடு ஒரு தடவை, டாக்டர் வாசலில் காத்திருக்கும்போது, குளிக்க வெந்நீர் காயும்போது, தூக்கம் வராவிட்டால் என்று படித்துக்கொண்டிருந்தேன். "விரைவில்" என்ற சொல் முதலில் தகராறு செய்தது, இப்போது நல்ல பிள்ளையாகிவிட்டது.

இது ஒரு பக்கம். கீழே கடையில் உங்கள் இளையவர் ஆனந்தக் கூத்தாடினார். "அக்கா, வரைபடத்தைப் பாரு, மாடிப்படி மாதிரி ஏறுது! விளம்பரத்தைப் பார்த்துட்டு ஆர்டரா கொட்டுது. அதுவும் எல்லாம் வயசானவங்க. பெரியவங்களுக்குத்தான் நம்ம திரை பிடிச்சிருக்கு" என்றார். விளம்பரக் கம்பெனி சும்மா இருக்குமா? வயசானவர்களாகத் தேடித் தேடி விளம்பரத்தைக் காட்ட ஆரம்பித்தது. மாலை வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் பழைய லாரி டிரைவர் ஒருநாள் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்: "இந்தத் திரைக்காரன் என்னை விடவே மாட்டேங்கறான்யா. நான் இருக்கிற அறைக்கு ஜன்னலே கிடையாது." பெருமையாக, அது எங்கள் கடைதான் என்றேன்.

ஆனால் ஆர்டர் எங்கே? படிவத்தை நிரப்பினால் அந்த விவரம் கடைக் கம்ப்யூட்டருக்கு மெயிலாக வரும். மெயில் எப்போதும் போல ஒன்றிரண்டுதான். புள்ளி ஒரு கூட்டமே வந்தது என்கிறது. தம்பி, "என் புள்ளி பொய் சொல்லாது" என்றார். அக்கா, "அப்போ என் கடை பொய் சொல்லுதா?" என்றாள். இப்படித் தொடங்கிச் சிறுவயதில் உடைந்த சைக்கிள் வரைக்கும் போய்விட்டார்கள். என் மகன் ஒரு பக்கமும் சேராமல் தைக்க ஆரம்பித்துவிட்டான். சண்டை பெரிதாகப் பெரிதாக மிஷினும் வேகமாக ஓடும். அன்று ஒரு கல்யாண மண்டபத்துக்கே திரை ஆகியிருக்கும். கடைசியில் அக்காவும் தம்பியும் ஒரு விஷயத்தில் ஒன்றானார்கள்: வந்த ஆர்டரை நடுவில் யாரோ விழுங்குகிறார்கள். காலையில் கடையைத் திறந்து மெயிலை முதலில் பார்ப்பது நாடா. எதிர்ப்புறத் திரைக் கடையில் வேலை செய்வது நாடாவின் மச்சான். வேறென்ன வேண்டும்?

சனிக்கிழமை எல்லோரும் கடை மேசையைச் சுற்றி இருந்தோம். லேப்டாப் திறந்திருந்தது. நான் மூலையில் ஸ்டூலில்.

"நாடாண்ணே, வந்த மெயிலை ஏதாவது அழிச்சீங்களா?" என்றாள் உங்கள் மகள்.

"எனக்குத் துணிதான்மா வெட்டத் தெரியும். மெயிலை வெட்டத் தெரியாது."

"எதிர்க்கடையில உங்க மச்சான் இருக்காரே."

"தங்கச்சியைக் கட்டிக் கொடுத்ததோட எனக்கும் அவனுக்கும் பேச்சு முடிஞ்சதும்மா."

யாரும் சிரிக்கவில்லை. உங்கள் மகள் தரையைப் பார்த்துக்கொண்டு, "திங்கட்கிழமையிலிருந்து கொஞ்ச நாளைக்கு வராதீங்கண்ணே" என்றாள். சொல்ல அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, குரலிலேயே தெரிந்தது. நாடா கழுத்திலிருந்த நாடாவைக் கழற்றி, சுருட்டி, மேசைமேல் வைத்தார். நாடா இல்லாமல் நாடாவை நான் பார்த்ததே இல்லை. கழுத்து வெறுமையாக, பார்க்கவே என்னவோ போல இருந்தது.

எனக்கு மனது சரியில்லை. மனது சரியில்லாதபோது நான் என்ன செய்வேன் என்று உங்களுக்கு இப்போது தெரியும். போனை எடுத்துப் பக்கத்தைக் கீழே இழுத்தேன்.

"பாருங்க!" என்று கத்தினார் இளையவர். "இந்த நிமிஷம் ஒரு ஆர்டர் வந்திருக்கு. எண் ஏறிடுச்சு. மெயில் வந்துச்சா பாரு அக்கா."

"வரலையே!"

எல்லோரும் நாடாவைப் பார்த்தார்கள். நாடா தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அந்தக் கத்தலில் எனக்குப் படித்த இடம் தவறிவிட்டது. இடம் தவறினால் முதலிலிருந்துதான் படிக்க வேண்டும் என்பது ஆசிரியை சொன்னது. மறுபடி இழுத்தேன்.

"இன்னொண்ணு!" என்றார் இளையவர்.

இந்த முறை தப்பக்கூடாது என்று கொஞ்சம் சத்தமாகவே படித்தேன். "எங்... கள்... ஆள்... வி... ரை... வில்..."

மிஷின் நின்றது. நிமிர்ந்து பார்த்தால் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.

"மாமா," என்றார் இளையவர். "அதை இன்னொரு தடவை கீழே இழுங்க."

இழுத்தேன். எண் ஏறியது.

"எத்தனை நாளா மாமா இது?" என்று கேட்டாள் உங்கள் மகள்.

"நீங்க நன்றி சொன்ன நாள்லேர்ந்துமா. சொன்னா படிக்க வேண்டாமா?"

சம்பந்தி, அத்தனை ஆர்டரும் நான்தான். அந்தப் பெரியவர்கள் கூட்டமும் நான்தான். இவ்வளவு எண்ணத் தெரிந்த புள்ளிக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை பாருங்கள். வெள்ளையடிக்கப் போனால் ஒரே சுவரை இரண்டு தடவை எண்ணிச் சொல்கிறவனை வேலைக்கே வைக்க மாட்டார்கள்.

உங்கள் மகள் மேசையிலிருந்த நாடாவை எடுத்தாள். அவர் கழுத்தில் போடப் போய், கூச்சப்பட்டுக் கையில் கொடுத்தாள். "மன்னிச்சுக்கோங்கண்ணே" என்றாள். அவள் கண் கலங்கியதைத் தம்பி பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரில் எதையோ தேடுவது போல் குனிந்துகொண்டார். நானும் எழுந்து, "என்னாலதானே உனக்கு இந்தக் கெட்ட பேரு, மனசுல வச்சுக்காதேப்பா" என்றேன்.

நாடா கழுத்தில் போட்டுக்கொண்டு, "விடுங்க ஐயா. எங்கள் ஆள்னு அதுல போட்டிருக்கறது நான்தானே? தினமும் என்னைத்தான் படிச்சிருக்கீங்க" என்றார். பிறகு வாசல் வரை போய்த் திரும்பி, "நாளையிலேர்ந்து பேப்பர் படிங்க. அதுல யாரையாவது வேலையை விட்டு அனுப்பினா நமக்குச் சம்பந்தமில்ல" என்றார்.

அன்றே உங்கள் இளையவர் புள்ளியைப் பெயர்த்து வேறு இடத்தில் வைத்துவிட்டார். இனி பக்கத்தைப் படித்தால் எண்ணாது. படிவத்தை நிரப்பிப் பட்டனை அழுத்தினால் மட்டும்தான் எண்ணும். நான் எவ்வளவு வேண்டுமானாலும் படிக்கலாம். அக்காவும் தம்பியும் பேசிக்கொள்கிறார்கள், சைக்கிளைப் பற்றி மட்டும் இல்லை. நாடா வேலையில் இருக்கிறார். கடை அமைதியாக இருக்கிறது. நீங்கள் கவலைப்பட இனி ஒன்றும் இல்லை என்று தெரிவிக்கவே இவ்வளவும் எழுதினேன்.

உங்கள் வீட்டு ஜன்னல்கள் எல்லாவற்றிலும் நல்ல காற்றும் நல்ல செய்தியும் வரட்டும். முழங்காலுக்கு என் தனிப்பட்ட விசாரிப்பு.

என்றும் உங்கள் அன்புள்ள,
சம்பந்தி (சொந்தக் கையெழுத்து)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது ஞாபகம் வந்தது. வாசிப்பு வந்துவிட்டது, இனி எழுதிப் பழகுங்கள் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். நோட்டை விட அந்தப் படிவம் எனக்கு வசதியாக இருக்கிறது. என்ன எழுத வேண்டும் என்று அதுவே கேட்கிறது, எழுதிப் பட்டனை அழுத்தினால் நன்றியும் சொல்கிறது. நம் வீட்டு ஜன்னல்களை எழுதி முடித்தேன், எதிர்க்கடை ஜன்னலையும் எழுதினேன், லாரி டிரைவருக்கு இல்லாத ஜன்னலையும் ஆசைக்கு ஒன்று எழுதினேன். நேற்று உங்கள் பெயரையும் முகவரியையும் போன் நம்பரையும் போட்டு, உங்கள் வீட்டு ஜன்னல்களை ஞாபகத்தில் இருந்தபடி எழுதி அனுப்பினேன். வரைபடம் மறுபடி ஏறுகிறதென்று இளையவருக்கு ஒரே சந்தோஷம். இந்தத் தடவை மெயிலும் சரியாக வருவதால் யாருக்கும் யார் மேலும் சந்தேகம் இல்லை. மெயிலை முதலில் பார்க்கும் நாடாவுக்கு உங்கள் பெயர் தெரியாது; பெரிய வீட்டு ஆர்டர், போன் அடித்தால் எடுக்கவில்லை, நேரிலேயே போய் அளந்துவிடுகிறேன் என்று நாடா இன்று காலை பையோடு பஸ் ஏறிவிட்டார். இந்தக் கடிதத்துக்கு முன்னால் வந்து கதவைத் தட்டினால் உள்ளே விடவும். அவர் எங்கள் ஆள்.