தப்பு சைபர், புளி பதினாறு மூட்டை

உள்ளே சுத்தமாக இருந்தால் போதும், வெளியே யாருக்கும் பயன்படாவிட்டாலும் பரவாயில்லை என்று நம்புகிறவர்கள் இரண்டு வகை. ஒன்று சாமியார்கள். மற்றது, மூன்று மாத வெப் டிசைன் கோர்ஸ் முடித்து மூன்று நாள் ஆனவர்கள். நான் சாமியார் ஆகவில்லை. ஆகியிருந்தால் ஜவ்வாது மலையில் பதினாறு மூட்டை புளி நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்போது போளூரில் வலைப்பக்கம் கட்டுகிற குறிமொழியான எச்.டி.எம்.எல். என்னைவிடத் தெரிந்தவன் கிடையாது என்பது என் எண்ணம். (மற்றவர்களுக்கு வேறு வேலை இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது.) எந்த வலைப்பக்கத்தையும் படிக்க மாட்டேன். அதன் உட்புறக் குறிகளைத் திறந்து, மூடாத குறி ஏதாவது கிடக்கிறதா என்று தேடுவேன். கல்யாணத்துக்குப் போய், சாப்பிடாமல், பாத்திரம் சரியாகக் கழுவியிருக்கிறதா என்று பார்க்கிற ஆள் மாதிரி. குறிகளைச் சோதித்துப் பிழை சொல்லும் தளம் ஒன்று உண்டு. அதில் 'பிழைகள்: 0' என்று பச்சையில் வந்தால் எனக்குப் பசியே அடங்கிவிடும்.

அக்கா வீட்டுக்காரருக்கு, அதாவது மாமாவுக்கு, ஒடுகத்தூரில் புளி, சாமை வியாபாரம். மலையில் சில குடும்பங்கள் சேர்ந்து கொட்டை எடுத்துக் கட்டி வைத்த பதினாறு மூட்டைப் புளியை நேரடியாக வெளியூருக்கு விற்றுத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். மழைக்கு முன்னால் மூட்டை இறங்கியாக வேண்டும். ஈரம் பட்டால் புளி கறுத்துப்போகும், வருஷ உழைப்பு வீண். அதனால் இணையத்தில் ஒரு பக்கம் வேண்டுமென்று என்னிடம் வந்தார்.

"ஒரு பிளாக் போட்டுக் குடுறா. மேல என் போன் நம்பர் செவப்புல ஓடணும். பஸ்ல ஊர் பேரு ஓடுதே, அந்த மாதிரி."

"எழுத்த ஓட வுடற குறியெல்லாம் இப்ப செல்லாது மாமா. பிழைன்னு காட்டும்."

"யாருக்குக் காட்டும்?"

நல்ல கேள்வி. அதனால் கோபித்துக்கொண்டேன்.

நம்பருக்குப் பதிலாக, பிளகின் என்று யாரோ செய்து இணையத்தில் விடுகிற ஓர் ஒட்டுத்துண்டைப் போட்டேன். புளி வேண்டுமென்பவர் தன் பெயரையும் தேவையையும் எழுதி அனுப்புகிற படிவம் அது. சுத்தமான, பிழையில்லாத, விருப்பம்போல் மாற்றிக்கொள்ளக்கூடிய எச்.டி.எம்.எல். என்று விளம்பரம் செய்திருந்தார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட நான் அப்படி மயங்கியதில்லை. மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்களே என்று மூன்று வாரம் மாற்றினேன். குறிகளை ஒழுங்காக அடுக்கினேன். அந்த அடுக்கில் இடிக்கிறது என்று புளியின் படத்தையே எடுத்துவிட்டேன். அடியில் மட்டும் என் பெயர், என் மின்னஞ்சல், 'பிழையற்ற பக்கம்' என்று ஒரு வரி. சோதித்தேன். 0. மாமாவைக் கூப்பிட்டு அந்தப் பச்சையைக் காட்டினேன்.

"எல்லாம் சரி, புளி எங்கடா?" என்றார்.

படிவம் வந்தால் உடனே மணி அடிக்கும்படி ஒரு போனை மலையில் கொடுத்துவைத்தோம். அந்த ஊரில் டவர் கிடைப்பது ஒரே ஒரு பாறையில். அதனால் வயலுக்குத் தண்ணீர் முறை வைப்பதுபோல வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக்கொண்டார்கள். முறைக்காரர் போனோடு பாறையில் உட்கார வேண்டும். ஒரு வாரம் போயிற்று. போன் மூச்சு விடவில்லை. மலையில் போன் அடிக்காவிட்டால் யாரும் யாரையும் சந்தேகப்பட மாட்டார்கள், டவர் இல்லை என்பார்கள். நானும் நேரில் போய் அதையே சொன்னேன்.

அன்று குப்பக்காவின் முறை. அந்தக் குடும்பங்களுக்காகப் பேசுகிறவர் அவர்தான்.

"இன்னா தம்பி, ஒண்ணும் வர்லியே. உன் பிளாக்குல எதனா தப்பா?"

"தப்பே இல்லக்கா. சோதிச்சாச்சு. சைபர்."

"அப்ப டவருதான்."

"இன்னும் கொஞ்சம் மேல ஏறிப் பாருங்க."

பாறையை விட்டு மலை உச்சிக்கு ஏறினார், முட்டி வலியோடு. மறுநாளிலிருந்து எல்லோரும் என் பேச்சை நம்பி அந்த உச்சிக்கே ஏறினார்கள். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது வாரம், மேற்கே மேகம் கட்டிய ஒரு நாளில், எனக்கு ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் அந்தப் பிளகினைச் செய்தவர், ஏதோ குளிர்நாட்டுக்காரர். 'ஐயா, புளி கேட்டு எனக்குப் பதினொரு கடிதங்கள் வந்துள்ளன. என்னிடம் புளி இல்லை. ஒருவர் கோபமாக இருக்கிறார். படிவத்தில் மாதிரிக்காக நான் வைத்திருந்த என் முகவரியை நீங்கள் மாற்றவில்லை என்று நினைக்கிறேன். மற்றபடி உங்கள் பக்கத்தின் குறிகள் மிகச் சுத்தமாக உள்ளன.'

அந்தக் கடைசி வரியைப் படித்து அரை நிமிடம் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் படிவத்தைத் திறந்து பார்த்தேன். மாதிரி முகவரியிலும் எழுத்து, புள்ளி எல்லாம் முறைப்படி இருந்ததால் சோதனைத் தளத்துக்குக் குறை தெரியவில்லை. அது யாருடையது என்று தளம் கேட்பதில்லை. கேட்க வேண்டியவன் குறிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

பதினொரு பேருக்கும் எழுதினேன். எல்லோரும் வேறிடத்தில் வாங்கிவிட்டார்கள். மாமா திட்டவில்லை. (திட்டியிருந்தால் தேவலை.) போளூரில் ஜெராக்ஸ் கடை நடத்தும் ஓர் அம்மாவிடம் போனார். அவர் ஒரே மதியத்தில் வேறு பக்கம் போட்டுக் கொடுத்தார். நம்பர் சிவப்பில் ஓடியது, மின்னியது, ஓரத்தில் ரோஜாப்பூ வேறு. வயிற்றெரிச்சலில் சோதித்துப் பார்த்தேன். நாற்பத்தேழு பிழைகள். மூன்றாம் நாள் ஓசூரிலிருந்து லாரி வந்து பதினான்கு மூட்டையை ஏற்றிக்கொண்டு போனது. இடம் போதாமல் நின்ற இரண்டு மூட்டை மறுநாள் மழையில் கறுத்தது. இரண்டும் குப்பக்காவுடையவை. அவற்றை நானே வாங்கிக்கொண்டேன். இரண்டு வருஷம் எங்கள் வீட்டு ரசம் தார் நிறத்தில் இருந்தது. இன்றும் நான் எந்த வேலையைச் செய்துவிட்டு 'முடிஞ்சது' என்றாலும், அக்கா "புளி எங்க?" என்பாள்.

அடுத்த வருஷம் என் கல்யாணம். மணமேடைக்கு மேலே மாமாவின் அன்பளிப்பாக, சிவப்பு எழுத்து ஓடும் பலகை. முதலில் எங்கள் இருவர் பெயரும் ஓடின. பின்னால் என் போன் நம்பர் ஓடியது. அதன் பின்னால் 'தப்பு சைபர்' என்று ஓடியது. தாலியைக் கையில் எடுத்த நேரம் என் சட்டைப்பையில் போன் அடித்தது. நிற்காமல் அடித்ததால் எடுத்தேன். மூன்றாவது வரிசையில் காதில் போனோடு குப்பக்கா உட்கார்ந்திருந்தார்.

"இன்னாக்கா?"

"ஒண்ணுமில்ல தம்பி. உன் நம்பருக்குப் போட்டா உனக்குத்தான் வருதான்னு பாத்தேன். நீ கட்டு."