மாஸ்டர் வாபஸ் வாங்கிய கதை

முன்வைத்த காலைப் பின்வைக்க மாட்டேன் என்று மாஸ்டர் சபதம் போட்டார். மறுநாளே இரண்டு காலும் வெடவெடக்க ஆரம்பித்துவிட்டன.

டியூஷன் சென்டரில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவர் அவர். பிள்ளைகள் முன்னால் சிங்கம். பெரியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்பேர்ப்பட்டவர், லிஃப்ட் மாதக்கணக்கில் ஓடாத கோபத்தில், குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் பதவிக்குப் பல் டாக்டரை எதிர்த்து மனு கொடுத்துவிட்டார். முன்மொழிந்தது மனைவி. வெள்ளிக்கிழமை மாலைக்குள் விலகாவிட்டால் ஞாயிறன்று எல்லோர் முன்னாலும் பேசியாக வேண்டும்.

விலகலாம், ஆனால் விட்ட சவடால் என்ன ஆவது? வீட்டுக்காரி கெஞ்சினாள், மனமிரங்கினேன் என்றால் மானம் தப்பும். ஆகவே அவளைக் கெஞ்ச வைக்க வேண்டும்.

வெள்ளி காலை, காய் நறுக்கிக்கொண்டிருந்தவளுக்குக் கேட்காமலே பாடம் எடுத்தார். இங்கிலீஷில் 'வித்ட்ரா' என்று ஒரு வினைச்சொல். பாங்கில் பணம் எடுத்தாலும் அதுதான், பட்டாளம் பின்வாங்கினாலும் அதுதான். சொன்ன சொல்லைத் திரும்பப் பெற்றாலும், போட்டியிலிருந்து விலகினாலும், மனுஷன் பேச்சுமூச்சில்லாமல் தனக்குள் ஒடுங்கினாலும் அதே சொல்தான்.

"இத்தனை வேலையும் ஒரே ஆள் பாக்குதா? பாவம், என்னை மாதிரி" என்றாள் அவள்.

"போட்டியிலேர்ந்து விலகுறதைப் பத்தி நீ என்ன நினைக்கிற?"

"நீங்க எதுக்கு விலகணும்? சபதம் போட்ட ஆளாச்சே."

மாஸ்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி ஒடுங்கினார். மத்தியானம் சாப்பாடு வேண்டாம் என்றார். அவள் ஒரு வார்த்தை வற்புறுத்தாமல் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பசி வயிற்றைக் கிள்ளியது. சாயங்காலம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பூனைபோல் படியிறங்கினார்.

கீழ்வீட்டு ரிட்டயர்டு ஹெட்கிளார்க்தான் தேர்தல் அதிகாரி. மாஸ்டர் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார். "காலையிலேயே முடிஞ்சுபோச்சே சார். முன்மொழிஞ்சவங்க கேட்டாலே போதும்னு நம்ம சங்கத்துல விதி இருக்கு. 'அவர் பேச எழுந்தா டாக்டர் தாங்கமாட்டார், நான்தான் கெஞ்சிக் கூத்தாடி நிறுத்தினேன்'னு சொன்னாங்க. பெருந்தன்மை சார் உங்களுக்கு."

மாஸ்டருக்குப் பழையது நினைவுக்கு வந்தது. கல்யாணத்தன்று யாரோ மைக்கை நீட்டியபோது நடுங்கிய அவர் கையைச் சட்டென்று பிடித்துக்கொண்டவள் இவள்தானே. அவருடைய பயம் அவளுக்கு அன்றிலிருந்தே தெரியும். இத்தனை வருஷத்தில் ஒருவரிடமும் காட்டிக்கொடுத்ததில்லை. இப்படி ஒருத்தி வாய்க்கத் தான் என்ன புண்ணியம் செய்தோம் என்று நினைத்தபோது கண் கலங்கியது.

"அப்போ டாக்டர்தான் செயலாளரா?"

"இல்லையே. நீங்க மனு கொடுத்துட்டுப் போன பின்னாடியே உங்க வீட்டம்மாவும் தன் பேர்ல ஒரு மனு கொடுத்தாங்க. லிஃப்ட் கம்பெனியோட தினம் மல்லுக்கட்டுறது அவங்கதான்னு எல்லாருக்கும் தெரியுமே. அவங்க நிக்கிறப்போ நான் எதுக்குன்னு டாக்டரும் வாபஸ். போட்டியே இல்லை, அவங்கதான் செயலாளர்."

மூச்சிரைக்க மாடியேறினார். மேசைமேல் சூடாகச் சாப்பாடு காத்திருந்தது.

"நீ இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேன்?" என்றார், மனசாரத்தான்.

"முதல்ல சாப்பிடுங்க, தெம்பு வேணும். ஞாயித்துக்கிழமை கூட்டம் மொட்டைமாடியில. நாற்காலியெல்லாம் நீங்களே தூக்கிட்டு வர்றதா ஒத்துக்கிட்டீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். லிஃப்ட் வேற இன்னும் ஓடலைங்க."