நெஞ்சுக்குள் ஒரு காது வில்லை

அன்புத் தம்பி லிங்கராஜுக்கு,

அக்காள் வெயிலுகந்தம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே ஆடு பதினொன்றும் சுகம். திருப்பூரில் நீயும் முத்துசெல்வியும் பிள்ளைகளும் சுகமாக இருக்கக் கழுகுமலை முருகனை வேண்டிக்கொண்டேன். என் சுகத்தைப் போனிலே சொல்லலாம்தான், ஆனால் நீ பாதியில் அழுவாய், நானும் சேர்ந்துகொள்வேன், விஷயம் அப்படியே நின்றுவிடும். அதனால் கடிதம். ஐந்தாம் வகுப்புக்காரியின் எழுத்து, பொறுத்துப் படி.

உன் அத்தான் தவறிப்போன மூன்றாம் மாதம், குளிக்கையில் நெஞ்சுப் பக்கம் ஒரு கட்டி தட்டுப்பட்டது. தம்பிக்கு இதற்கு மேல் விவரமாக எழுதக் கூச்சம், நீயே புரிந்துகொள். அவிய இருந்திருந்தால் அவியகிட்ட சொல்லியிருப்பேன். பிள்ளை இல்லாத வீட்டில் சொல்ல வேறு ஆள் யாரு, எனக்கு நானே சொல்லிக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். வீட்டுக்கு வீடு வந்து சுகர் பார்க்கிற நர்ஸ் காளீஸ்வரிதான் கண்டுபிடித்து, பஸ் ஏற்றி, திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். சதையை எடுத்துப் பார்த்துவிட்டுப் புற்று என்றார்கள். உடனே கத்தியை எடுப்பார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். டாக்டரம்மா உமாதேவி எடுத்ததோ பேனாவை. மாதவிலக்கு எப்போது நின்றது என்று கேட்டார். லிங்கராஜ் மூத்த மகளுக்குச் சடங்கு வைத்த வருஷம் என்றேன். லிங்கராஜ் யார் என்றார். இப்படியாக உன் பேரும் அந்த ஆஸ்பத்திரியில் அடிபட்டுப்போச்சு.

விலக்கு நின்ற பிறகும் உடம்பு கொஞ்சம் பெண் சுரப்பைச் சுரக்குமாம், என் கட்டி அதைத் தின்றுதான் வளருதாம். தினம் ஒரு மாத்திரை, ஆறு மாசம்; கட்டிக்குத் தீவனத்தை நிறுத்திச் சுருக்கிவிட்டு அப்புறம் ஆபரேஷன் என்றார். தீவனக் கதை எனக்கு விளங்காதா? தலையாட்டினேன். பிறகு ஊசியால் அரிசி நுனி மாதிரி ஒரு உலோகத் துண்டைக் கட்டிக்குள் வைத்தார்கள். அடையாளத்துக்கு என்றார். அதற்கும் தலையாட்டினேன், அங்கேதான் கெட்டேன்.

நம்ம ஆடுகளுக்கு இன்சூரன்ஸ் போட்டு, காதில் மஞ்சள் வில்லை மாட்டியிருப்பது உனக்குத் தெரியும். ஆடு செத்தால் அந்த வில்லையைக் கொண்டுபோய்க் காட்டினால்தான் பணம். ஆஸ்பத்திரியிலும் காப்பீட்டு அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் எனக்குள் இதை வைத்தார்கள். சரி, இவிய முடிவு கட்டிட்டாவ, நாளைக்குக் காட்டுவதற்குத்தான் வைக்கிறாவ என்று நானும் முடிவு கட்டினேன். பயமாயில்லை தம்பி, அவிய இருக்கிற இடத்துக்குத்தானே என்று இருந்தது. ஊருக்கு வந்து, சாகப்போகிறவளுக்கு மாத்திரை என்னத்துக்கு என்று நிறுத்தினேன். பொலிகிடாயைக் கூட ஆடு மேய்க்கிற இசக்கிராஜாவுக்குக் கொடுத்தேன், பித்தளை அண்டாவைப் பக்கத்து வீட்டுச் சீனி பெண்டாட்டிக்குக் கொடுத்தேன். வீடு வீடாகப் போய் ஏதும் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று விடைபெற்றேன். எல்லா வீட்டிலும் காப்பி கொடுத்தார்கள். அன்று குடித்த காப்பிக்கே செத்திருக்கணும்.

பதினோராம் நாள் காளீஸ்வரி வந்து பிரிக்காத மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னேன். சுவரில் சாய்ந்து சிரித்தாள், அப்புறம் அழுதாள்.

“அத்தை, நீங்க செத்தா காட்டுததுக்கு வைக்கல. மாத்திரையில கட்டி கரைஞ்சு காணாமப் போயிட்டா, எந்த எடத்துல அறுக்கணும்னு டாக்டருக்குத் தெரியணும்லா? நீங்க பொழைப்பியன்னு நெனைச்சுத்தான் வச்சிருக்காவ.”

விடைபெற்ற வீடெல்லாம் திரும்பப் போய், சாகவில்லை என்று சொல்லி வந்தேன். கிடாயைத் திரும்பக் கேட்டதற்கு இசக்கிராஜா, “ஏம்மா, உறுதியாச் சொல்லுங்க, அடுத்த மாசம் மறுபடி கொண்டாருவியளா?” என்று கேட்டான். அண்டா இன்னும் வரவில்லை.

அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் விழுங்கினேன். மாத்திரையால் உடம்பு திடீரென்று கொதிக்கும் என்று சொல்லியிருந்தார்கள். சித்திரை மாசத்துக் கரிசலில் எது மாத்திரை, எது வெயில் என்று யார் பிரிப்பது? மூட்டுவலி மட்டும் மாத்திரைதான், ஆடு என்னை மேய்க்கும்படி ஆகிவிட்டது. ஆனால் எலுமிச்சங்காய் அளவு இருந்தது புளியங்கொட்டை அளவுக்கு வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். இனிமேல் கத்தி எனக்கு வேண்டாம். சுருங்கினதை ஏன் அறுக்கணும் என்று டாக்டரம்மாவிடமே கேட்டேன்.

“சுருங்கினதாலதாம்மா கொஞ்சமா எடுத்தாப் போதும், மார்பு தப்பிச்சுது. விட்டா திரும்ப வளரும்,” என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யோசித்தும் விட்டேன், வேண்டாம். அவிய இல்லாத வீட்டில் பிழைத்துக் கிடந்து யாருக்கு என்ன? நீ லீவு போட்டு ஓடி வரவேண்டாம்.

முத்துசெல்விக்கு என் விசாரிப்பு. பிள்ளைகள் நல்லாப் படித்து, நோய்நொடி அண்டாமல் நூறு வருஷம் இருக்கணும்.

இப்படிக்கு,
உன் அக்காள்
வெயிலுகந்தம்மாள்

பின்குறிப்பு: மேலே உள்ளதை நம்பாதே. நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டேன், இந்த மாசக் கடைசிப் புதன்கிழமை காலையில் ஆபரேஷன். வேண்டாம் என்று ஒருதடவையாவது யாருக்காவது எழுதிப் பார்க்கணும் போலிருந்தது, எழுதியாச்சு. கூட இருப்பது யார் என்று அங்கே கேட்டதும் வாய்ப்பழக்கத்தில் அவிய பேரைச் சொல்லிவிட்டேன். எழுதிக்கொண்டும் விட்டார்கள். அப்புறம் அதை அடித்துவிட்டு உன் பேரைப் போடச் சொன்னேன். செவ்வாய்க்கிழமையே வந்துவிடு.